நூற்றுப் பதினேழு சொற்கள்

1

நான் ஈப்போவுக்கு வந்து இந்த மாதத்தோடு நாற்பது ஆண்டுகள் முடிகின்றன. அதையொட்டி ஏதாவது எழுதி அனுப்பும்படி மன்னார்குடியில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் கேட்டிருந்தார். சுண்ணாம்புக் குன்றுகள், வெள்ளைக் காப்பி, தைப்பூசக் கூட்டம் என்று நான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். போன மாதம் அவற்றைக் கிழித்துப் போட்டேன். ஒரு குடை கேட்ட அம்மாளால் வந்தது இது.

ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் பிற்பகல் மழைக்கு நேரம் தவறாது. அன்று பருப்பு வாங்க மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கடை வாசலில் பூப்போட்ட கவுனும் ரப்பர்ச் செருப்புமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள், கிட்டத்தட்ட என் வயதுக்காரர், வானத்தைக் கையால் காட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்கார அக்கா மின்விளக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்மாள் தலையாட்டி மறுத்தார். அக்கா காற்றாடியைக் காட்டினார்.

“என்னா வேணும்னே புரியலையே! மேல இருக்கிறது அவ்ளோதான் லா, என் கடையில. வேற என்னாத்த காட்டுறது?”

அம்மாள் இன்னொரு முறை சொன்னார். “பரசோல்யா.”

“குடை கேக்கிறாங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. “உள்ளே, அரிசி மூட்டைக்குப் பின்னால் தொங்குகிறது” என்று அந்த அம்மாளிடம் உக்ரேனிய மொழியில் சொன்னேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. ஆனால் அவர் முதலில் சொன்னது நன்றி அல்ல, ஒரு கேள்வி.

“எங்கே படித்தீர்கள்? எந்த வருடம்?”

“புத்தகத்தில்” என்றேன். பருப்பை மறந்து, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எந்த வருடம் என்று ஏன் கேட்கவேண்டும்? குடை கேட்க வந்தவருக்கு அது எதற்கு?

2

நான் சந்தேகக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் அப்பா. மன்னார்குடியில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். கீவ் நகரத்திலிருந்து நான் எழுதிய கடிதங்கள் வரும்போது அவர் உள்ளே இருப்பதைப் படிக்கும் முன்னால் உறையின் ஒட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாராம். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அந்த உறைகளை வரிசையாக வைத்து எனக்குக் காட்டினார். “ரெண்டு தடவை ஒட்டியிருக்கான் பாரு. ஒண்ணு உன் பசை. இன்னொண்ணு யாரோடது?” அன்றிலிருந்து நானும் தடவிப் பார்க்கிறேன். எழுபத்திரண்டு வயதில், மின்சாரக் கட்டண உறையைக்கூட.

ஆம், நான் கீவில் ஆறு ஆண்டுகள் படித்தவன். சோவியத் காலத்து உதவித்தொகை. இது என் மகனுக்குத் தெரியாது. மெல்பர்னில் இருக்கும் அவன், அப்பா சென்னையில் எம்.ஏ. படித்தவர் என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறான். தெரிந்தவள் என் மனைவி சரோஜா மட்டும்.

சரோஜா கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். சென்னையில் கல்லூரிப் படிப்புக்கு வந்தபோது பழக்கம். திருமணம் ஆகி நான் இங்கே வந்தபோது நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இதற்கு முன் எந்தெந்த நாடுகளில் வசித்தீர் என்று படிவத்தில் ஒரு கேள்வி. அப்போது இந்த நாட்டுக் காடுகளில் கம்யூனிஸ்டுகள் இன்னும் இருந்தார்கள். சரோஜாவின் மாமா ஒருவர் படிவத்தைப் பார்த்ததும் கையை உதறினார். “ருஷ்யா பக்கம் போனவருன்னு எழுதுனா நாளைக்கே உளவு போலீசு, பிராஞ்சுக்காரன் வாசல்ல நிப்பான். ஒன் வேலையும் போயிரும் புள்ள.” சரோஜா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுடைய மலாய் நல்ல மலாய். பேனாவை எடுத்து அந்த ஆறு ஆண்டுகளுக்கு நேராக ‘மன்னார்குடியில் தனிப்பயிற்சி ஆசிரியர்’ என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நிரந்தரவாசிக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடிமகனுக்கு நீலம். நான் இன்றுவரை சிவப்புதான். குடியுரிமை கேட்டு எழுதினால் பழைய கோப்பை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில் விண்ணப்பிக்கவே இல்லை. இந்த நாட்டில் ஒரு தேர்தலில்கூட வாக்களித்ததில்லை. “நாப்பது வருசமா செவப்பு லைட்லயே காடிய நிறுத்தி வச்சிருக்கீங்கப்பா” என்பான் மகன். பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் ஆங்கிலத்தில் என்னிடம் வானிலை கேட்பார்கள். நானும் வானிலை சொல்வேன். பொய்யை மறைப்பவனுக்கு வானிலை வசதியான பேச்சு.

3

மறுநாள் காலை பக்கத்து வீட்டு முனியாண்டி ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். பழைய லாரி ஓட்டுநர். பதினொரு வருடங்களாகப் பக்கத்து வீடு. தீபாவளிக்குத் தவிர தட்டு வந்ததில்லை.

“அண்ணே, ஒங்களுக்கு அந்தப் பாஷ தெரியுமாமே?”

“யார் சொன்னது?”

“கடைக்கார அக்கா. குனோங் ராபாட் பூராவும் தெரியும் லா. பதினோரு வருசமா பக்கத்துல இருக்கேன், எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சிருக்கு.”

முனியாண்டியின் மகன் தினேஷ் உக்ரேனில் மருத்துவம் படித்து அங்கேயே மணம் முடித்தவன். போர் வந்தபின் மனைவியோடும் மாமியாரோடும் இங்கே வந்துவிட்டான். இப்போது கணவனுக்கும் மனைவிக்கும் பினாங்கில் மருத்துவமனை வேலை. அவர்களோடு பினாங்கில் இருந்த மாமியார் ஹலினா போன வாரம்தான் முனியாண்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். குடை கேட்டவர் அவர்தான்.

“சம்பந்தியம்மா இங்க தங்குற பாஸ் மாசக் கடைசியில முடியுதுண்ணே. நீட்டிக்கணும்னா அவங்க பொறந்த பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாம் மலாய்ல வேணுமாம். என் மகனுக்குத் தெரியும், ஆனா குடும்பத்து ஆளு பண்ணக்கூடாதாம். கோலாலம்பூர்ல ஒருத்தர் இருக்காரு, அவருக்கு ருஷ்யாதான் வருமாம். நீங்க எழுதி, டீச்சரு மலாய்ல பாத்துக்குடுத்தா போதும். ஒரு சத்தியப் பத்திரம் மட்டும் கையெழுத்துப் போடணும்.”

“அதில் என்ன எழுதவேண்டும்?”

“அதான், இந்தப் பாஷய எங்க படிச்சீங்க, எத்தன வருசம் படிச்சீங்கன்னு. சின்ன விசயம்.”

சரோஜா தேநீர்க் கோப்பையோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

“நீட்டிக்காட்டி?” என்று கேட்டாள்.

“போகச் சொல்லிருவாங்க டீச்சர். எங்க போவாங்க? அந்தத் தெருவே இப்ப இல்லையாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தட்டில் இருந்தது தேங்காய்ச் சோறும் நெத்திலிச் சம்பலும். முனியாண்டி போனபிறகு வெகுநேரம் அதை மூடியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாரோ என்று தோன்றியது. அண்டை வீட்டுக்காரர் கொண்டுவந்த சோற்றில்கூட யாரோ எனக்கு வலை வைத்திருப்பதாக நினைக்கிற மனிதனாக நான் எப்படி ஆனேன் என்பதைச் சொல்லவேண்டும்.

4

கீவில் எனக்கு வாய்த்த ஆசிரியையின் பெயர் ஒலேனா பெத்ரிவ்னா. மெலிந்தவர், குளிர்காலம் முழுவதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. உக்ரேனிய மொழியில் போலந்தின் இலக்கிய மொழி எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்பதை ஆராயும்படி என்னிடம் சொன்னவர் அவர்தான். “நீ பல மொழிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் நாட்டிலிருந்து வருகிறாய். உனக்கு இது புரியும்” என்றார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உக்ரேனிய நிலத்தின் பெரும்பகுதி நீண்ட காலம் போலந்து அரசரின் ஆட்சியில் இருந்தது. நீதிமன்றத்துக்கும் மாளிகைக்கும் போலிஷ் மொழி. உள்ளூர்ப் பிரபுக்களும் இரண்டு மூன்று தலைமுறைகளில் மதம் மாறி மொழி மாறிப் போலந்துக்காரர்களாகவே ஆனார்கள். இதை எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பழைய கிறித்துவ மதத்தைக் காக்க மறுப்பு நூல்கள் எழுதினார்கள். அவற்றில் பலவற்றைப் போலிஷ் மொழியிலேயே எழுதினார்கள். படித்தவர்கள் படித்த மொழி அதுதான். வெள்ளைக்காரத் துரைக்கு எதிரான மனுவை நம்மவர்கள் ஆங்கிலத்தில் எழுதியது போல. கீவில் மடத்தைச் சேர்ந்த ஒரு பெரிய பள்ளி நடந்தது. எதிராளியின் கல்வியைக் கற்று எதிராளியை வெல்லவேண்டும் என்று அங்கே லத்தீனும் போலிஷும் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்கள் போலிஷ் முறையில் அசைகளை எண்ணிச் செய்யுள் கட்டினார்கள். பள்ளி நாடகங்களும் அந்த வழியில் வந்தவையே.

அப்படியே சொற்களும் வந்தன. காகிதம், கூரை, நிறம், உழைப்பு, நகரம் என்ற பொருளில் அவர்கள் அன்றாடம் சொல்லும் சொற்கள் போலிஷ் வாசல் வழியாக வந்தவை. பல சொற்கள் அதற்கு முன் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவை. நன்றி என்று சொல்கிற ‘தியாகுயு’வும் அப்படித்தான். சர்க்கரைக்கு அவர்கள் சொல்வது ‘த்ஸூகொர்’. அதை என்னிடம் சொல்லும்போது ஒலேனா பெத்ரிவ்னா சிரித்தார். “இது உங்கள் நாட்டில் கிளம்பியது. அரேபியர், இத்தாலியர், ஜெர்மானியர், போலந்துக்காரர் என்று எல்லார் வீட்டிலும் தங்கி, எங்கள் தேநீருக்கு வந்து சேர்ந்தது. இதை யாருடைய சொல் என்று எழுதுவாய்?”

ஆனால் அந்த ஊரில் இது வெறும் படிப்பாக இருக்கவில்லை. ருஷ்யச் சொல்லுக்கு அருகில் இருக்கும் சொல் நல்ல சொல். போலிஷுக்கு அருகில் இருக்கும் சொல் ஐயத்துக்கு உரியது. முப்பதுகளில் அகராதிகளையே அந்தக் கண்ணோடு திருத்தி எழுதினார்கள். நான் படித்த காலத்திலும் பதிப்பகங்களில் வேண்டாத சொற்களின் பட்டியல் கைமாறியது. “ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் படிப்பு. ஏன் வந்தாய் என்று கேட்டால் போலீஸ்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

5

ஐந்தாம் ஆண்டில் துறைத்தலைவர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். எலுமிச்சை போட்ட தேநீரும் தட்டில் இனிப்பும் இருந்தன. நான்கு ஆண்டுகளில் எனக்கு அவர் தேநீர் தந்ததில்லை.

ஒலேனா பெத்ரிவ்னா பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வாசகப் புத்தகம் எழுதி முடித்திருந்தார். அதன் தட்டச்சுப்பிரதி மேசைமேல் இருந்தது. அதைப் படித்து, போலிஷ் வழியாக வந்த சொற்களை எல்லாம் தனியாக எழுதித் தரவேண்டும் என்றார். “நீங்கள் வெளியாள். உங்கள் பட்டியலில் விருப்பு வெறுப்பு இருக்காது. எங்களில் ஒருவர் எழுதினால் பேச்சு வரும்.” பிறகு என் உதவித்தொகை முடியும் தேதியைப் பற்றிப் பேசினார். ஆய்வேட்டை முடிக்க இன்னொரு ஆண்டு தேவைப்படும் அல்லவா என்று கேட்டார்.

எதற்கு என்று தெரியாமல் செய்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். தேநீரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். சொல்லுக்கு ஒரு அட்டை. இடப்பக்கம் அவர் எழுதிய சொல், வலப்பக்கம் அதன் போலிஷ் மூலம். ஒழுங்கான வேலை. அந்த ஒழுங்கை எனக்குக் கற்றுத்தந்தவரே அவர்தான். சர்க்கரையையும் காகிதத்தையும் நான் எழுதவில்லை. அவற்றை யாராலும் நீக்கமுடியாது. மேற்குப் பகுதியில் வீட்டுக்குள் புழங்குகிற, ருஷ்ய மொழியில் இணை இல்லாத சொற்களாகப் பார்த்து எடுத்தேன். யாரும் என்னை அப்படிப் பொறுக்கி எடுக்கச் சொல்லவில்லை. பட்டியல் கூர்மையாக இருக்கவேண்டும் என்று நானாகச் செய்தேன். நூற்றுப் பதினேழு அட்டைகள்.

புத்தகம் வரவில்லை. ஒலேனா பெத்ரிவ்னாவை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு நூலகத்தின் நிலவறையில் அட்டை அடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். எனக்கு இன்னொரு ஆண்டு கிடைத்தது.

அந்த ஆண்டில் ஒருமுறை அவரை டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன். பனி பெய்துகொண்டிருந்தது. நான் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னேன். நான்கு ஆண்டுகளாக என்னிடம் உக்ரேனிய மொழியைத் தவிர வேறு மொழியில் ஒரு சொல் பேசாதவர், அன்று ருஷ்ய மொழியில், முன்பின் அறியாதவரிடம் பேசும் மரியாதையோடு, உடல்நலம் எப்படி என்று விசாரித்தார். டிராம் வந்தது. ஏற வழிவிட்டேன். நன்றி என்று சொன்னார். அதையும் ருஷ்ய மொழியில்தான் சொன்னார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இதை இத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கமாட்டேன்.

6

அதோடு புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ஈப்போவில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு தமிழ் மாத இதழில் மெய்ப்புத் திருத்துவது. தோட்டத்து மக்கள் எழுதி அனுப்புவார்கள். அதில் மலாய்ச் சொல் வரும், ஆங்கிலச் சொல் வரும், ஹொக்கியன் சீனச் சொல் வரும். சிவப்புப் பென்சிலால் எல்லாவற்றையும் வெட்டுவேன். பசார் சந்தையானது. கம்போங் சிற்றூரானது. தூய தமிழுக்குத் தொண்டு செய்வதாக நினைத்தேன். கீவில் ஒரு கண்ணால் பார்த்தேன், இங்கே இன்னொரு கண்ணால். பென்சில் ஒன்றுதான்.

என் மாமனார் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், பால்மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை. ஓய்வுபெற்றதும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தன் வாழ்க்கையை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டதிலிருந்து தொடங்கி, தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது லயத்து வரிசைவீட்டைவிட்டு வெளியேறியது வரை. நான் அதை ஒரு மாதம் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். நான்கு இதழ்களில் தொடராக வந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன.

மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பகுதியை எழுத்துக்கூட்டிப் படித்தார். இதழை மடித்து என் கையில் கொடுத்தார்.

“நல்லா இருக்கு மாப்ள. யாரு எழுதுனது?”

கிண்டல் செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. நோட்டை அச்சகத்தில் வேலை முடிந்ததும் எறிந்துவிட்டார்கள். திரும்பக் கேட்டு வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

7

ஹலினாவின் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது, கையெழுத்தை மட்டும் எப்படியாவது தட்டிக்கழிப்பது என்று முடிவுசெய்து முனியாண்டி வீட்டுக்குப் போனேன். அவர் வாசல் கம்பியைத் திறந்துவிட்டு, “பேசுங்கண்ணே, பேசுங்க. ரெண்டு வருசமா இந்த அம்மாகிட்ட நான் பேசுனது ‘சாப்பிட்டாச்சா’ மட்டும்தான். அதுக்கு அவங்க சிரிப்பாங்க. ஒருநாள் நான் ‘வீடு பத்திக்கிட்டு எரியுது’ன்னாலும் சிரிப்பாங்க போல” என்று சொல்லிவிட்டு வெளியே காடி கழுவப் போனார்.

ஹலினா படித்தவர் அல்ல. லிவிவ் நகருக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலைபார்த்தவர். அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

“நீங்க புத்தகத்துல படிச்சவரு இல்ல” என்றார் முதலிலேயே. “புத்தகத்துல படிச்சவங்க இப்படிப் பேசமாட்டாங்க. கீவ்ல இருந்திருக்கீங்க. ஏன் மறைச்சீங்க?”

நான் பத்திரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

“அந்தக் காலத்துல மறைக்கிற ஆளுங்க ரெண்டு வகை. பயந்தவங்க, எழுதிக் குடுத்தவங்க. நீங்க எந்த வகைன்னு முந்தா நாள்லேந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன். முனியோட பெண்டாட்டிகிட்ட கேட்டுப் பாத்தேன், அவங்களும் சிரிக்கிறாங்க.”

நான் அவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்த மூன்று நாளும் அவர் என்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய சந்தேகம்தான் சரியானது.

சொல்லிவிட்டேன். தேநீர், இனிப்பு, அட்டைகள், டிராம் நிறுத்தம். யாரிடமும் சொல்லாததை, பார்த்து மூன்று நாளான ஒருவரிடம், அவருடைய மொழியில். இலக்கணம் பல இடங்களில் தடுமாறியது. அவர் திருத்தவில்லை.

“எனக்கு அந்த அம்மாவத் தெரியாது” என்றார். “எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“மன்னிப்பு…”

“அத அவங்ககிட்ட கேக்கணும். இருக்காங்களா?”

“தெரியாது. இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்.”

“அப்ப அத விடுங்க. எங்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வராதீங்க.” மேசைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டி ஒதுக்கினார். “சொல்லுங்க, என்னென்ன வார்த்தை எழுதிக் குடுத்தீங்க?”

எனக்கு அட்டை எண்ணோடு நினைவிருந்தது. ஏறக்குறைய எல்லாம். சொல்லத் தொடங்கினேன். ‘பதேல்னியா’ என்றேன். வாணலி. “எங்க அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, கைப்பிடி இல்லாதது” என்றார். ‘பரசோல்யா’. எழுபத்தோராவது அட்டை. அவர் சன்னல் பக்கம் கையைக் காட்டினார். மளிகைக் கடைக் குடை கம்பியில் தொங்கியது. ‘ஃபிலிஜான்கா’ என்றேன். கோப்பை. “அம்மா கல்யாணத்துக்கு ஆறு வந்துச்சு. நான் நாலு உடைச்சேன்.” ‘ஃபிரான்கா’ என்றேன். சன்னல் திரை. “அத வெளுக்கப் போட்டா தெருவுக்கே தெரியும், விருந்தாளி வராங்கன்னு.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாசகம் சொன்னார். நான் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தவை அவர் அம்மா வீட்டுச் சாமான்கள்.

‘த்ஸ்வின்தார்’ என்றேன்.

கல்லறைத் தோட்டம். அவர் கை மேசைமேல் நின்றது.

“அங்கதான் இருக்காங்க” என்றார். பிறகு, “அது மேலயும் குண்டு விழுந்துச்சு” என்றார்.

வெளியே முனியாண்டி வண்டிமேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நான் அதற்குமேல் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பத்திரங்களை என் பக்கமாகத் தள்ளினார்.

8

வீட்டுக்கு வந்து சரோஜாவிடமும் சொன்னேன். அவள் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். முடியும்வரை நிமிரவில்லை.

“நாப்பது வருசமா அந்த டீச்சர மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. சரி” என்றாள். “எங்க அப்பா நோட்டு?”

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“அவரு கையெழுத்து எங்ககிட்ட ஒரு வரி இல்ல. நீங்க எழுதுனதுதான் இருக்கு, நாலு புத்தகம். அத நான் திறக்குறதே இல்ல, தெரியுமா?”

தெரியாது என்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை. உறைகளின் பசையை மட்டும் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாதுளை முத்துக்களைக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்தாள். “பத்திரத்துல சாயின் போட்டுக் குடுங்க. அந்த விண்ணப்பப் பாரத்துல பொய் எழுதுனது என் கை. கேட்டா நானும் வாரேன்.”

மலாய் வாசகத்தை அவளே தட்டச்சு செய்தாள். உக்ரேனிய மொழியைக் கீவ் நகரில் ஆறு ஆண்டுகள் கற்றேன் என்ற வரியில் நிறுத்தினாள். ஆசிரியையின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஒலேனா பெத்ரிவ்னா என்பவரிடம் கற்றேன்.

சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை வைக்கும் அலுவலகம் பழைய ஈப்போவில் மாடியில் இருக்கிறது. முனியாண்டி கூட்டிப்போனார். அங்கே இருந்த வழக்கறிஞர் நம் பெண். முப்பது வயது இருக்கும். வேகமாகப் படித்தாள்.

“அங்கிள், டீச்சர் பேரெல்லாம் இதுல தேவையில்ல. எடம் மட்டும் போதும். அத ஒரு கோடு போட்டு வெட்டிட்டு, பக்கத்துல சின்ன சாயின் வச்சிருங்க.”

பேனாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“வெட்டமாட்டேன்மா.”

“இல்ல அங்கிள், தப்பில்ல, சும்மா…”

“ஒரு கோடுதானே அண்ணே” என்றார் முனியாண்டி. “பின்னால இன்னும் நாலு பேரு நிக்கிறாங்க லா.”

“நெறைய வெட்டியாச்சு, முனியாண்டி. இது இருக்கட்டும்.”

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். முத்திரையைக் குத்தினாள். குடிநுழைவு அலுவலகத்தில் வாங்கிக்கொண்ட அதிகாரியும் அந்தப் பெயரில் விரலை வைத்து, இது யார் என்று மலாயில் கேட்டார். என் ஆசிரியை என்றேன். தலையை ஆட்டிவிட்டு நகல் எடுத்துக்கொண்டார். அவ்வளவு எளிதாகத் தலையாட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நகல் போதுமானபோது எதற்காக இரண்டு எடுத்தார் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஹலினாவுக்கு ஓராண்டு நீட்டிப்பு வந்துவிட்டது. எனக்கு நேற்று ஒரு பதிவுத் தபால் வந்தது. விளிம்பைத் தடவாமல் கிழித்தேன். புதன்கிழமை காலை அடையாள அட்டையையும், பழைய கடவுச்சீட்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எழுதவில்லை. கீவ் முத்திரை விழுந்த கடவுச்சீட்டை சரோஜா நாற்பது ஆண்டுகளாகப் பித்தளைக் குடத்துக்குள் வைத்திருந்தாள். எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். மகனிடம் நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பிறகு, “அந்தப் பாஷையில ஏதாவது சொல்லுங்கப்பா” என்றான். நன்றி என்ற சொல்லைச் சொன்னேன்.

இன்று காலை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹலினா கூப்பிட்டார். புதன்கிழமை தானும் வருவதாகச் சொன்னார். அங்கே உங்களுக்கு என்ன வேலை, யாருக்கும் உங்கள் மொழி தெரியாதே என்றேன்.

“மழை வரும்” என்றார். “பரசோல்யாவ யாராவது புடிக்கணுமில்ல?”